முறை வரும் என்று காத்திருந்தது

ஐப்பசி, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஏரி கலங்கல். பழவேற்காட்டில் அண்ணன் வீடு. பேர்தான் லீவு, லேப்டாப்பும் கூடவே வந்திருக்கிறது. அண்ணி இறால் உரித்துக்கொண்டே, "டில்லில சோறே போடறதில்லையா? இப்டி எளச்சிட்ட!" இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நாளை அண்ணனுக்குப் பாடு. முகத்துவாரத்தில் மீன் படும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. பாடு வரும் நாளுக்கு முந்தின இரவு அப்பா, எங்கள் நைனா, குறட்டை விட்டுத் தூங்குவார். அவர் முறையில் வேறு யாரும் வலை இறக்கமாட்டார்கள். அந்த நிம்மதி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. நைனா ஞாபகம், ரொம்ப.

செவ்வாய்
வெயில். வாங்க வேண்டியது: கொசுவர்த்தி, சார்ஜர், அண்ணிக்கு மாத்திரை.

போன வாரக் கூட்டத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. பெரிய ஏ.ஐ.களுக்கு உலக நாடுகள் சேர்ந்து கடிவாளம் போடும் ஒப்பந்தம். எங்கள் சின்ன அமைப்புக்கும் அங்கே ஒரு நாற்காலி. ஒரு ஷரத்து: அவற்றை உருவாக்கும் நாடுகளே சோதித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அறிக்கையைப் படித்தால் போதும். எதிர்த்துப் பேசப் பேர் கொடுத்திருந்தேன். முறை வரும் என்று வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர்ப் புத்தி. கூட்டம் முடிந்தது. பேசாதவர்களுக்குச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அண்ணன் பாடு முடித்து வந்தார். கூடை நிறைய இறால்.
"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினு கீற? பேர் குட்த்துட்டல்ல, தானா வரும்."
"அங்க வராதுண்ணா."
"பேர் குட்த்தவனுக்கு முறை தராத கூட்டம் இன்னா கூட்டம்?"
அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பொறாமையாக இருந்தது.

புதன்
மழை. பவர் கட். டில்லி ஆபீசிலிருந்து எங்கள் மேடம் போன். நாளை ஆன்லைனில் கடைசி அமர்வு. "விட்டுடு. எதிர்த்தா அடுத்த தடவை நமக்கு நாற்காலியே இருக்காது." சரி என்றேன். வைத்ததும் வெட்கம்.

நைனா இருந்தால் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பார். அந்தப் பீடி வாசமும் லுங்கியில் ஏரிச் சேறும். அழுதேன்.

வியாழன்
மழை விட்டது. கரன்ட் இருக்கிறது. வரிசையில் கடைசி ஆள் நான். அமர்வின் தலைவர், "நேரமாகிவிட்டது, முடிக்கலாமா?"
மைக்கைத் திறந்தேன்.
"உங்கள் முறை இன்னும் வரவில்லை" என்றார் தலைவர்.
"வராது, தெரியும்" என்றேன். இந்த ஷரத்துக்குச் சம்மதமில்லை, சோதிக்க வெளிநாட்டு ஆட்களும் வர வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள்.
மேடத்திடமிருந்து மெசேஜ்: என்ன பண்ணிட்ட! போனைக் கவிழ்த்து வைத்தேன்.
பேரே கொடுக்காத ஒரு தீவு நாட்டுப் பெண் மைக்கைத் திறந்தார். எனக்கும் சம்மதமில்லை என்றார். இன்னொருவர். அவர் முடிப்பதற்குள் வேறொருவர்.
அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாது, ஆளாளுக்குக் கத்தறானுங்க? முறையே இல்லியா?"