நிற்காமல் போன இரண்டு கார்கள்

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரி மேட்டைச் சுற்றிய என் ஒரே அண்ணனுக்கு,

நீ போய் மூன்று வருசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நான் படித்தது அஞ்சாங்கிளாஸ் வரைதான், அது உனக்கே தெரியும். இப்போது பேத்தியின் நோட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை அண்ணே. வேறு யாரிடம் சொல்ல? விசயம் ஒரு காரைப் பற்றியது. ஆயுசு முழுக்கக் கார் ஓட்டியவன் நீதானே.

என் மூத்த மகன் பொண்ணு யாழினி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். இப்போது அந்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஊருக்கு வந்துவிட்டாள். வந்தவள் பஸ்ஸில் வரவில்லை. மஞ்சளாக ஒரு கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. உள்ளே ரெண்டே சீட்டு. இஞ்சின் பின்பக்கம் இருக்கிறது, முன்பக்கம் திறந்தால் சாமான் வைக்கிற டிக்கி. பந்தயத்தில் ஓட்டுகிற சாதி வண்டியாம், யாரோ வைத்திருந்ததை வாங்கினாளாம். முதல் தடவை அதில் நான் உட்காரவில்லை, விழுந்தேன். இறங்குவதற்கு ரெண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் பெரம்பலூர் போனோம். மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு, ரேசன் அரிசி, ஒரு சிப்பம் சின்ன வெங்காயம். அத்தனையையும் அந்தக் காரில் ஏற்றினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அடியே, வண்டி வீணாப் போயிடும்டி! ஆட்டோ புடிடி!”

“வண்டின்னா சுமக்கத்தானே அப்பத்தா? சூடம் காட்டி வச்சுக்கவா வாங்கினேன்?”

நீ பார்த்திருந்தால் அங்கேயே மயக்கம் போட்டிருப்பாய். முதலாளியின் வெள்ளைக் காரைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைப்பாய். உன் தோள்துண்டு கறுத்துப் போகும், வண்டி கறுக்காது. கை படக்கூடாது என்று எங்களைப் பத்தடி தள்ளி நிறுத்துவாய். இவள் என்னடாவென்றால், மில்லில் இட்லி மாவு அரைத்து வாங்கி, அந்தத் தூக்குவாளியைப் பின்னால் இஞ்சின் பக்கத்தில் வைத்துவிட்டாள். ரேசன் கடை, மாட்டு ஆஸ்பத்திரி என்று சுற்றிவிட்டு வந்து திறந்தால், சூட்டில் மாவு பொங்கி வண்டியெல்லாம் வழிகிறது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வழித்து எடுத்து அன்றைக்கே இட்லி ஊற்றினாள்.

டீக்கடைக்காரன் தினமும் கேட்பான்: “ஏன் ஆயா, புண்ணாக்குக்கு ஏரோப்பிளேனா?”

“ஒனக்கு என்னடா வயித்தெரிச்சல்? வேணும்னா நீயும் மாடு வாங்கு!” என்பேன்.

நம் ஊர் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருப்பார்கள். வண்டியின் வயிறு தரையைத் தொடுகிற உயரத்தில் இருப்பதால் சோளத்தின் மேல் ஏறாது. நான் இறங்கி, சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிற விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே முன்னால் நடப்பேன். அது ஊர்வலம் மாதிரி பின்னால் உறுமிக்கொண்டு வரும். ஒரு மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் திமிரும் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவதற்கு முன்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் வாயால் கேள். உன் முகத்துக்கு நேராக நான் அதைச் சொன்னதே இல்லை.

நானும் அம்மாவும் எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தோம். உச்சி வெயில். அம்மாவுக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ரோட்டோரத்தில் கரும்புச் சோகைக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் அந்த வெள்ளைக் கார் வந்தது. “நம்ம பய வரான்டி!” என்று தானாகவே எழுந்து நின்று கை காட்டினாள். வண்டியில் நீ மட்டும்தான் இருந்தாய். நீலச் சட்டை. கண்ணாடி இறக்கியிருந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, மிளகாய் மூன்று. நீ எங்களைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை.

புழுதி அடங்குவதற்குள் அம்மா உன்னை மன்னித்துவிட்டாள். “மொதலாளி வண்டிடி. சோகைக்கட்ட அதுல ஏத்த முடியுமா? அவன் என்ன பண்ணுவான், வுடு.” நான் விடவில்லை. அந்த நேரம் கரும்பு டிராக்டர் ஒன்று வந்தது. அதன் டிரைவர் யாரோ எவரோ, அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினான்.

அன்றிலிருந்து உன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. ஒரு வாய் சோறு இல்லை, ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை. என் மகன் காதுகுத்துக்குத் தாய்மாமனாக வந்து அவனை மடியில் வைத்துக்கொண்டாய், ஊருக்காக விட்டேன். அப்போது என் பக்கம் குனிந்து, “தங்கச்சி, அன்னைக்கி நானு...” என்று ஆரம்பித்தாய். “அந்தப் பேச்ச எடுக்காத” என்று எழுந்து போய்விட்டேன். நீ செத்த அன்றைக்கும் அரியலூரில் உன் வீட்டுக்கு வந்தேன், மாரடித்து அழுதேன். அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை.

டவுனிலிருந்து அரியலூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் டிக்கி நிறைய அரிசி. என் மடியில் முட்டை அட்டை, காலடியில் புண்ணாக்குச் சாக்கு. பஸ் நிற்காத இடம் ஒன்றில், வெயிலில் ஒரு பொம்பளை நின்றாள். என் வயசு இருக்கும், இல்லை ஒன்றிரண்டு கூடவே இருக்கும். பக்கத்தில் ஒரு மூட்டை. எங்கள் வண்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

யாழினி வேகத்தைக் குறைத்தாள். “பாவம் அப்பத்தா, ஏத்திக்குவோமா?”

“எடம் எங்கடி இருக்கு? நீ போ.”

“நீ கொஞ்சம் நகந்தின்னா...”

“அந்த மூட்டையப் பாரு, ஒரே மண்ணு. சீட்டெல்லாம் பாழாப் போயிடும். நிறுத்தாத, போ!”

போய்விட்டாள். அந்தப் பொம்பளை நீட்டிய கையை இறக்காமலே எங்களைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

என் வாய் சொன்னது எனக்கே கேட்க, அடுத்த பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆனது. காலடியில் புண்ணாக்கை மிதித்துக்கொண்டு, அடுத்தவள் மூட்டையை மண் என்று சொன்னது யார்? “திருப்புடி, வண்டியத் திருப்பு!” என்று கத்தினேன். முட்டை நாலு உடைந்தது. என்னமோ ஏதோ என்று பயந்துபோன பிள்ளை திருப்பினாள். அந்த வண்டிக்கு ரெண்டு நிமிசம் என்றால் நமக்குப் பாதி ஊர் தூரம். திரும்பிப் போனால், அந்த இடத்தில் யாரும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

“அந்தம்மாவா? லோடு ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்களே. இப்பத்தான்.”

நான் இறங்கி அங்கேயே நின்றேன். எனக்குப் பதிலாக அவளை ஏற்றி அனுப்பிவிட்டு பஸ்ஸில் வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். யாழினி வந்து என் கையைப் பிடித்தாள்.

“வுடு அப்பத்தா. நாமதான் திரும்பி வந்துட்டோம்ல? அவங்களுக்குத்தான் அது தெரியாது. போற வழியெல்லாம் நம்மளத் திட்டிக்கிட்டே போவாங்க, என்ன பண்றது?”

அண்ணே, அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு ரோடே சுற்றியது.

நீ திரும்பி வந்தாயா?

எங்களை டிராக்டர் ஏற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? புழுதி அடங்கிய நேரம்தான். மிளகாய் எத்தனை என்று எண்ணி வைத்திருக்கிற நான், அதற்கப்புறம் அந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. முதலாளி வீட்டில் வண்டியை விட்டுவிட்டு வந்தாயோ, வழியிலேயே மனசு கேட்காமல் திருப்பினாயோ, இல்லை திருப்பவே இல்லையோ. “அன்னைக்கி நானு” என்று நீ ஆரம்பித்தது எதைச் சொல்ல? ஒரு வார்த்தைதானே மிச்சம் இருந்தது. அதைக்கூட நான் விடவில்லையே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ வரவில்லை என்றால், அன்றைக்கு நீ செய்தது தப்புதான். நான் தப்புச் செய்துவிட்டேன் என்பதற்காக உன் தப்பு சரியாகிவிடாது. அம்மாவுக்குக் காய்ச்சல் அண்ணே. என் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கேட்காமல் கோபப்பட்ட வருசங்களை இப்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீ ஒருவேளை வந்து, அந்தக் காலி ரோட்டில் இறங்கி நின்றிருந்தால்? அப்புறம் எத்தனை வருசம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசாமல் இருந்திருப்பாய்?

வருகிற வெள்ளிக்கிழமை யாழினி என்னை அரியலூருக்கு அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறாள். அண்ணியிடம் கேட்கப் போகிறேன். உன்னோடு படுத்து எழுந்தவளிடமாவது சொல்லியிருப்பாய். அவர் திரும்பி வந்தார் என்று சொன்னாலும் சரி, வரவில்லை என்று சொன்னாலும் சரி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் என்னைத் திட்டித் துரத்தினாலும் சரி. அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்னாமல் உன் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அம்மா மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் பேச்சைப் பாதியில் நிறுத்திய தங்கச்சி
அஞ்சலை