மேயர் செத்த கதை

ஜூலை 8
மேயர் இன்றும் சாப்பிடவில்லை. மேயர் என் பன்னிமூக்குப் பாம்பு. விரல் தடிமன்கூட இல்லாத குட்டி. கழுத்தை ஊதிக்கொண்டு சீறுவான், செய்வது ஒன்றும் இருக்காது. எங்கள் ஊர் மேயரும் அப்படித்தான். அதனால் அந்தப் பெயர்.

ஜூலை 10
பிளாட் ஆற்று வாய்க்காலில் ஒரு தேரையைப் பிடித்து, எலிக்குஞ்சை அதன் முதுகில் தேய்த்து வைத்தேன். தேரை வாசம் அடித்தால்தான் நம்ம மேயர் துரை வாய் திறப்பார். விழுங்கிவிட்டார். கதவில் அட்டை: "மேயர் செரிக்கிறார். தொட்டால் கடிப்பது நான்."

ஜூலை 11
ஆத்திரத்தில் பென்சில் முனை உடைந்துவிட்டது.

நான் விதைச்சோள வயலில் பூ பறிக்கிற கூலி வேலைக்குப் போன நேரத்தில், அண்ணன் கர்டிஸ் தன் கால்பந்துக் கூட்டாளிகளுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறான். பன்னிமூக்கு பயந்தால் மல்லாந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்ததுபோல் நடிக்கும். நிமிர்த்தினால் "இல்லை, நான் பிணம்" என்று மறுபடி மல்லாந்துகொள்ளும். அதைத் திரும்பத் திரும்பப் புரட்டிச் சிரித்திருக்கிறார்கள். விழுங்கின எலி முழுசாக வெளியே வந்து கிடந்தது.

"ஒரு புழுவுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிற. அவனே நடிகன், ரசிகர் வேணாமா?" என்றான்.

நானும் குறும்பு செய்கிறவள்தான். ஆனால் ஒரு சட்டம் உண்டு: மாட்டுகிறவனால் என்னைத் திருப்பி உதைக்க முடியணும். மேயருக்குக் காலே இல்லடா, தடியா.

ஜூலை 12
அவன் பற்பசையில் மிளகாய்ச் சாறு. ஆறவில்லை.

ஜூலை 22
வாந்தி எடுத்த வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இன்று இரை வைத்தேன். வாய்க்கால் வற்றிவிட்டது, தேய்க்கத் தேரை கிடைக்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகெலும்பு தெரிகிறது. இவன் மட்டும் செத்தால்— எழுத மாட்டேன்.

ஜூலை 25
வேலை முடிந்து வந்தால், வாசலில் கர்டிஸ். முகம் வெளுத்திருந்தது, கையில் காலணிப் பெட்டி. தண்ணீர் மாற்றலாம் என்று கூண்டைத் திறந்தானாம், மேயர் மல்லாந்து கிடந்தானாம்.

"இந்தத் தடவை நிஜம், ஜோ. நான்தான் கொன்னுட்டேன்."

அறைக்குக் கொண்டுபோய் மேயரை நிமிர்த்தினேன். டக்கென்று மல்லாந்தான். அத்தனை முறை புரட்டிய பயலுக்கு, பயத்தில் ஒரு முறை புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

தலையணையில் முகம் புதைத்து அழுதேன். பிறகு மேயரைத் திரும்பப் பெட்டியில் வைத்து வெளியே கொண்டுபோய், "குழி தோண்டு" என்றேன். மண் காய்ந்து கல்லாக இருந்தது. இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். முழங்காலளவு வந்ததும், "கடைசியா முகம் பாத்துக்க" என்று பெட்டியைத் திறந்தேன்.

மேயர் கழுத்தை ஊதி, அவன் மூக்குக்கு நேரே சீறினான். கர்டிஸ் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீயெல்லாம் மனுசியா" என்றபடி கண்ணைத் துடைத்தான். பார்த்தேன். மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 2
மழை. கர்டிஸ் இன்னும் மூடாத குழியில் தண்ணீர் நிற்கிறது. காலையில் என் கதவுக்கு வெளியே மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா, உள்ளே தேரை. கதவைத் தட்டாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

எலிக்குஞ்சை அதன் முதுகில் தேய்த்து வைத்தேன். மேயர் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 4
எலி உள்ளேயே இருக்கிறது. இரண்டு நாளாக அறைப் பக்கம் கர்டிஸின் காலடிகூட இல்லை. சாயந்திரம் நானும் அவனுமாகத் தேரையைக் கொண்டுபோய் அந்தக் குழியிலேயே விட்டோம்.