கேட்காமல் விட்ட கேள்வி

கோட்டிங்கன்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரீக்கெவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பெர்கனில் இன்னும் மழைதானா? மின்னஞ்சல் அனுப்பினால் ஒரே வரியில் பதில் போட்டு முடித்துவிடுவாய் என்ற பயத்தில்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ இங்கே வந்து பேசிய அன்று அவர் மூன்று பேருக்கு அஸ்பாரகஸ் தண்டுகளைத் தோல் சீவி வேகவைத்துக் காத்திருந்தார். கருத்தரங்கு முடிந்த கையோடு நீ ரயிலேறிவிட்டாய் என்று வந்து சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, "நீ அங்க அம்மாவா போனியா, புரொபசரா போனியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு உப்பை நகர்த்து, ஜன்னலைச் சாத்து என்பதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை.

நீ விண்ணப்பித்த பதவி என் துறையில் வந்தது உன் தப்பு இல்லை. தேர்வுக் குழுவில் இருக்க மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அது போதும் என்று நினைத்தேன். ஆனால் அன்று, அந்தப் பதவிக்கான உன் உரைக்கு முன், தேநீர் நேரத்தில் குழுத் தலைவர் ஹார்ட்விக் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வந்து, "இன்னிக்குப் பேச்சு முடிஞ்சதும் பாராட்டி மேசையை யாரு ரொம்ப சத்தமாத் தட்டப்போறாங்கன்னு எங்களுக்குத் தெரியும், இர்ம்கார்ட்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

நீ நன்றாகப் பேசினாய். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு கருந்துளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்போது, உள்ளே விழுந்ததைப் பற்றிய தகவல் எப்படிக் கதிர்வீச்சோடு வெளியே கசிகிறது என்று நீ விளக்கிய அழகில், பின்வரிசை மாணவர்கள்கூட கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு முடிவில்லாமல் நீளும் அந்தக் கூட்டலை எழுதி, அங்கிருந்து நேராக விடைக்குத் தாவினாய். அந்தக் கூட்டல் கடைசியில் ஓர் எண்ணில் வந்து நிற்குமா என்று காட்டவில்லை. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சாப்பாட்டு மேசையில் உன் காதோடு சொல்லியிருக்கலாம். கை தூக்கினேன். "டாக்டர் லீன்ஹார்ட்" என்று அப்பாவின் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெற்ற பெண்ணை 'நீங்கள்' என்றேன். "நீங்க எழுதின கூட்டல் ஒரு எண்ல வந்து நிக்கும்னு எதை வச்சுச் சொல்றீங்க?" நீ அந்த வரியின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தாய். பிறகு, "அதுக்கு எங்கிட்ட நிரூபணம் இல்லை. கேட்டதுக்கு நன்றி" என்று சொல்லி, அந்த வரியை நீயே துடைத்தாய். முடிந்ததும் எல்லோரும் வழக்கம்போல் மேசையைத் தட்டினார்கள், தட்டலாமா வேண்டாமா என்று தயங்கியபடி. ஹார்ட்விக் என் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுல சமையல் குறிப்பு சொல்லக்கூட நிரூபணம் வேணும் போல" என்றார். எனக்கு வெட்கமாக இல்லை, ரீக்கெ. நிம்மதியாக இருந்தது. மகளுக்குச் சலுகை காட்டினேன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது என்ற நிம்மதி.

மறுநாள் அதே பதவிக்கு விண்ணப்பித்த ரைமரின் முறை. மியூனிக்கிலிருந்து வந்தவர், நல்ல குரல், எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தார். பாதியில் அவரும் அதேபோல் ஓர் இடத்தைத் தாண்டிப் போனார். உன்னுடையதைவிடப் பெரிய ஓட்டை. தொடக்கத்தில் தானே வைத்த நிபந்தனையை நடுவில் சொல்லாமல் கைவிட்டார். எனக்கு அதுவும் தெரிந்தது. என் கை மடியிலேயே கிடந்தது. அவர் எனக்கு யாரும் இல்லையே, நான் எதையும் காட்டிக்கொள்ள வேண்டியதில்லையே. எல்லோரோடும் சேர்ந்து மேசையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கோட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. இயற்பியலுக்காகத்தான் கை தூக்கினேன் என்று உன் விஷயத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். அப்படியென்றால் அவரிடமும் கேட்டிருப்பேன்.

அடுத்த நாள் காலை ஹார்ட்விக்கின் அறைக்குப் போய் ரைமரின் ஓட்டையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நான் சொன்னது சரி என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு, "நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டிருந்தா அது கேள்வி. இன்னிக்குக் கதவைச் சாத்திட்டு சொன்னா அது அம்மாவோட பேச்சு. இதை நான் குழுவுக்கு எப்படி எடுத்துட்டுப் போவேன், நீங்களே சொல்லுங்க" என்றார். மனிதர் கிண்டல் செய்யாமல் பேசியது அன்றுதான். குழு முடிவு செய்துவிட்டது. ரைமர் முதலிடம், நீ இரண்டாமிடம். அலுவலகக் கடிதம் வருவதற்குள் என்னிடமிருந்தே உனக்குத் தெரியட்டும்.

ஒன்று சொல்லவேண்டும். உன் கூட்டலை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சுழலும் கருந்துளைக்கு அது நிற்காது. சுழலாததற்கு நிற்கிறது, உன் விடையும் அப்படியே வருகிறது. அந்தப் பக்கங்களை இதோடு வைக்கவில்லை. நீயே போட்டுப் பார்க்க விரும்புவாய். வேண்டுமென்றால் கேள், அனுப்புகிறேன். கேட்காவிட்டால் அதைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். எழுதினால், பரவாயில்லை என்று நீ பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்தச் சுமையும் உனக்கு எதற்கு?

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு நீ வருவதாக அப்பா சொன்னார். எந்த ரயில் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறாயாம், எனக்குச் சொல்லவில்லை. அவர் ஸ்டேஷனுக்கு வருவார். நானும் வரலாமா என்று மட்டும் எழுது.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணே.

உன் அம்மா,
இர்ம்கார்ட்