பத்து வினாடி நின்ற வரி

செப். 14, திங்கள்

விடியும்போதே மழை. டேம் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

ஓமானிலிருந்து விமலாவின் வீடியோ. ஐந்து நிமிடம், பன்னிரண்டு வினாடி. மஸ்கெலியா போன் கடை நானா வழக்கம்போல் மெஷினில் போட்டு, மகளின் பேச்சைத் திரையின் அடியில் ஓடும் எழுத்தாக்கித் தந்தார்.

"கிளாக்கர் ஐயா, எழுத்தெல்லாம் வந்தாச்சு. நேரம்தான் முன்ன பின்ன ஓடுது. நம்ம ஹட்டன் பஸ் மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

நானும் சிரித்துவைத்தேன். ஃபைலில் கண்ட பிழைகள்:
– நேரக் குறிப்பில் வினாடிக்குப் பின் காற்புள்ளி வேண்டிய இடமெல்லாம் முற்றுப்புள்ளி. அதனால் பாதி வரி திரையில் வரவே இல்லை.
– 8ஆம் வரி முடியுமுன் 9 வந்து மேலே ஏறுகிறது.
– தொடக்கத்தில் அரை வினாடி தாமதம், முடிவில் நாலு.

நாலு வினாடி சின்ன விஷயமல்ல. என் மனைவி சரசுவுக்குக் காது போய் இரண்டு வருடம். போன மாதம் மகள் திரையில் கண்ணைத் துடைக்கிறாள். இவள் முந்தைய வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்க முடியவில்லை. அன்று வைத்த விதி: வாய் திறந்தால் வரி வர வேண்டும், மூடினால் போய்விட வேண்டும். கொப்பியில் எழுதி அவளுக்கும் காட்டினேன்.

செப். 15, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை. முட்டி வலி.

வரி 1 முதல் 33 வரை சரி. ஒவ்வொன்றும் மும்முறை பார்த்தது. இருந்தும் 12இல் சந்தேகம்.

சரசு விமலாவின் அறைத் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கிறாள், இந்த மழையில். "தீபாவளிக்கு வர்றவ பூஞ்சணம் புடிச்ச ரூம்லயா படுப்பா?" தன் சத்தம் தனக்குக் கேட்காததால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறாள்.

பிற்பகல், வரி 34. ஐந்து தடவை கேட்டேன்.

"அம்மா, தீபாவளிக்கு வர முடியலம்மா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க."

சரசு அடுக்களையில். இந்த வீட்டில் யாருக்குப் பயந்து இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன், தெரியவில்லை.

செப். 16, புதன்

34ஐ எடுத்துவிட்டேன். 35ஐ 34 ஆக்கி, கடைசி வரை எண்களை வரிசைப்படுத்தினேன்.

இடையில் எட்டு வினாடி வெறுமை. தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் செக்ரோல் என்ற வருகைப் பேரேடு எழுதிய கை. ஆள் வேலைக்கு வராவிட்டாலும் அந்த நாளின் கட்டத்தில் ஒரு குறி போட்டாக வேண்டும். தோட்டத் துரையின் விரல் முதலில் போவது வெற்றுக் கட்டத்துக்குத்தான். ஆகவே 33ஐ இழுத்து நிரப்பினேன். "அங்க மழையாம்மா?" இரண்டு வினாடி வரி, இப்போது பத்து.

செய்தது சரியா? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெல்லச் சொல்லலாம். ஆனால் சரசுவிடம் எதையும் எழுதித்தானே காட்ட வேண்டும். பேச்சென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிடலாம். எழுதினால் அவள் வாசித்து முடிக்கும் வரை எதிரே நிற்க வேண்டும்.

இன்று பருப்பில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

செப். 18, வெள்ளி

தூறல். கோயிலுக்குப் போய் வந்தபின் போட்டுக் காட்டினேன்.

சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், மகளோடு சேர்ந்து. எத்தனை மாதத்துக்குப் பிறகு! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்த இடம்.

"என்னங்க, நிறுத்துங்க. மழையாம்மான்னு கேக்க இவளுக்கு இவ்வளவு நேரமா?"

கொப்பியைத் தேடினேன். பேசினாலும் பயனில்லை.

"வாய மூடுனா எழுத்து போயிடும்னு நீங்கதானே எழுதிக் காட்டுனீங்க? இவ பேசிக்கிட்டே இருக்கா, எழுத்து அப்படியே நிக்குது."

கொப்பியில் எழுதினேன்: மெஷின் பிழை. எழுத்து கோணிவிட்டது.

வாசித்தாள். "மத்ததெல்லாம் அச்சு மாதிரி இருக்கே" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

உண்மைதான். நானா தந்த கோணலிலேயே விட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

செப். 19, சனி

மழை விட்டிருக்கிறது. திரைச்சீலைகள் கொடியில், இன்னும் ஈரம்.

காலையிலேயே 34ஐத் திரும்பச் சேர்த்தேன். 33 மறுபடி இரண்டு வினாடி. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. லேப்டாப்பை அவள் முன் வைத்து, எதிரே நின்றேன்.

வாசித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். விமலாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.

"போன மாசத்ததுலயும் எடுத்தீங்களா?"

தலையாட்டினேன், இல்லை என்று. எழுதியும் காட்டினேன்: இது ஒன்றுதான்.

கொப்பியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மொத வீடியோவுல இருந்து போடுங்க. எல்லாத்தையும்."

பதினொன்று இருக்கின்றன. இப்போது மூன்றாவது ஓடுகிறது. திரையின் அடியில் எழுத்து வரும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மகளின் வாயை மட்டும் பார்க்கிறாள்.