வலப்பக்கம் இழுக்காத படகு

என் அருமை மச்சான் ஆரோக்கியசாமிக்கு,

உன் எஞ்சின் இரண்டையும் கழற்றிவிட்டார்கள். வேறு யாராவது வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். செயின் பிளாக் மாட்டித் தூக்கி, டிராக்டரில் ஏற்றி, விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியாயிற்று. உன் செல்ல எஞ்சின், அந்த வலப்பக்கத்து மூதேவி, போகும்போதும் கரையெல்லாம் எண்ணெய் சிந்திவிட்டுத்தான் போனது. கழுவினது நான்தான்.

இப்போது நம் படகுக்குப் பேட்டரி மோட்டார். ஏரிக்குப் பறவைகள் வருவதால் டீசல் புகை ஆகாதாம். நீ உட்கார்ந்து வெந்த எஞ்சின் ரூமில் பெட்டி பெட்டியாகப் பேட்டரி அடுக்கியிருக்கிறார்கள். நீ ஒட்டிவைத்த மாதா படம் மட்டும் சுரண்டியும் வரவில்லை. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் சார்" என்றேன், விட்டுவிட்டார்கள்.

கீழே ஆளே தேவையில்லை மச்சான். முன்னே போகவும் பின்னே வரவும் என் கைப்பக்கத்திலேயே ஒரு பிடி வைத்துவிட்டார்கள். மணிக்கயிற்றை அறுத்துப் போட்டாயிற்று. மேலே ஸ்டியரிங் பிடிக்கிற நான் ஒருமுறை இழுத்தால் நீ கீழே எஞ்சினை முடுக்குவாய், இரண்டுமுறை இழுத்தால் நிறுத்துவாய். மூன்றுமுறை இழுத்தால் கரையில் டீ சொல்லியாச்சு என்று அர்த்தம். அந்த மூன்றாவதுக்கு என்ன அர்த்தம் என்று எந்த ஆபீசருக்கும் தெரியாது.

நம் சண்டை நினைவிருக்கிறதா? நேராகப் பிடித்தால் படகு வலப்பக்கமாக இழுக்கும், நான் எப்போதும் இடப்பக்கமே திருப்பிப் பிடித்திருப்பேன். உன் எஞ்சின் நோஞ்சான், வலது பக்கம் தள்ள மாட்டேனென்கிறது என்பேன் நான். "எஞ்சின் நல்லாத்தான்டா கீது, உன் கைதான் கோணல்" என்பாய் நீ. பயணிகள் முன்னாலேயே கத்திக்கொள்வோம். கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிறோம் என்கிற வெட்கம்கூட இருவருக்கும் கிடையாது.

இப்போது கேள். படகைக் கரையேற்றிப் பார்த்தால், தண்ணீரைத் தள்ளுகிற வலப்பக்கத்து விசிறியில் ஒரு இலை வளைந்து கிடக்கிறது! எந்தக் காலத்தில் எந்தக் கல்லில் பட்டதோ. தண்ணீருக்குள் இருப்பதை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எஞ்சினும் கோணல் இல்லை, கையும் கோணல் இல்லை. அடப்பாவி, இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினோமே என்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

விசிறியும் புதிது, மோட்டாரும் புதிது. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் அதிகாரி வந்து சோதனை ஓட்டம் பார்க்க வேண்டும். முந்தின நாள் மேனேஜர் மேடம் கூப்பிட்டார். "அண்ணே, படகு ஒழுங்கா வந்து படகுத்துறை ஜெட்டியில நின்னுதுன்னா நீங்களே ஓட்டுங்க. இல்லன்னா மோட்டார் கம்பெனியே டிரைவர் அனுப்புறேன்றாங்க. உங்கள டிக்கெட் கவுன்டர்ல போட்டுடுவேன்" என்றார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் சொன்னது. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக்கொண்டு, வேறு ஒருவன் நம் படகை ஓட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகுமா? நீயே சொல்.

ஓட்டினேன். சத்தமே இல்லை மச்சான். தண்ணீர் பக்கவாட்டில் அடிக்கிற சத்தம் நம் படகில் எனக்கு முதல்முறையாகக் கேட்டது. ஆனால் படகு இடப்பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போனது. திருப்பினேன், மறுபடி ஒதுங்கியது. கடைசியில் ஜெட்டியில் பக்கவாட்டாகப் போய் முட்டியது. கட்டியிருந்த டயர் இல்லையென்றால் பலகை பிளந்திருக்கும். அதிகாரி கையிலிருந்த டீ சட்டையில் கொட்டிவிட்டது.

மோட்டார் மாட்டின இன்ஜினியர் திண்டிவனத்துக்காரர். பொறுமைசாலி. "ஏண்ணே லெப்ட்லயே புடிச்சிக்கினு வர்றீங்க?" என்றார்.

"நான் எங்க சார் லெப்ட்ல புடிச்சேன்? உங்க மோட்டாருதான் பேஜாரு பண்ணுது" என்று எகிறினேன்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். வீடியோ. என் கை இடப்பக்கம் திரும்பியபடியே இருக்கிறது, கடைசிவரைக்கும். நான் பிடிக்கவில்லை, சத்தியமாகப் பிடிக்கவில்லை. கை தானாகப் பிடித்திருக்கிறது. "உன் கைதான் கோணல்" என்றாயே, கடைசியில் உன் வாய் பலித்துவிட்டது.

அதிகாரி நாளைக்கு இன்னொரு தரம் பார்க்கிறேன், அதோடு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஜெட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் வீட்டுக்காரி மேரி வந்தாள். இன்னும் அங்கேதான் அவித்த மல்லாட்டைக் கடலை விற்கிறாள், வியாபாரம் பரவாயில்லை. உன் பெண் கண்டமங்கலத்திலிருந்து பாண்டிக்கு வேலைக்குப் போய் வருகிறது. கவலைப்படாதே.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு கை மல்லாட்டையை என் மடியில் போட்டாள்.

"அவரு போயி ரெண்டு மழை ஆவப்போவுது. ஊருக்கெல்லாம் தெரியும். உங்க கைக்கு மட்டும் யாரும் சொல்லலியாண்ணா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது மச்சான். எழுந்து வந்துவிட்டேன். மல்லாட்டையெல்லாம் படியில் கொட்டிவிட்டது.

மறுநாள் அவளே வந்து படகில் ஏறினாள். ஆளேற்றக் கூடாது என்று மேடம் சொன்னதற்கு, "நான் ஆளில்ல மேடம், அவரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மேடம் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

"கைய சும்மா வைங்கண்ணா. அது பாட்டுக்குப் போவட்டும்" என்றாள்.

விரலை மட்டும் வைத்துக்கொண்டேன். ஏரி நடுவில் கை துறுதுறுவென்று இடப்பக்கம் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் வைத்தேன். படகு கோடு போட்டதுபோல் போனது, திரும்பியது, வந்து ஜெட்டியை உரசாமல் நின்றது. அதிகாரி போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். மேடம் கைதட்டினார். ஸ்டியரிங் எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

நான் ஸ்டியரிங் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே, ஏண்ணா அழுவுறீங்க?" என்றாள் மேரி.

"ஒண்ணுமே இழுக்கலியேம்மா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நீ கீழே தள்ளுவாய், அது வலப்பக்கம் இழுக்கும், நான் மேலே பிடித்து நிறுத்துவேன். நீ போன பிறகு தற்காலிகமாக யார் யாரோ வந்து எஞ்சின் பார்த்தார்கள். அப்போதும் அது அப்படியேதான் இழுத்தது. தினமும் உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் நான், மண்ணும் போட்டேன். ஆனாலும் நீ செத்துப்போனது எனக்கு நேற்றுத்தான்டா தெரிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஆட்களை ஏற்றுகிறோம். ஏறுகிறவர்களெல்லாம் பிள்ளைகுட்டிக்காரர்கள். அதனால் ஒரு சத்தியம் செய்கிறேன் மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இனி நேராகத்தான் பிடிப்பேன். உனக்காகக்கூடக் கையை இடப்பக்கம் விடமாட்டேன்.

மேரிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
ஏழுமலை