இரண்டு கட்டம் முந்திய ட்ரம்பெட்

கையைத் தூக்கினால் கவுஞ்சியையே மூச்சடக்கி நிற்கவைத்த என் அண்ணனுக்கு,

இந்த வருஷம் பூண்டு நன்றாக வந்திருக்கிறது. கொட்டகை நிறையத் தொங்கவிட்டாகிவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் ஒத்திகைக்கு என் கால் தானாகக் கொட்டகைப் பக்கம் நடக்கிறது.

பேண்டு நிற்கவில்லை, கவலைப்படாதீர்கள். பேண்டு மாஸ்டராக உங்கள் இடத்தில் சின்னராசு நிற்கிறான். ட்ரம்பெட்டையும் விட மனசில்லை அவனுக்கு. வலது கையில் அதை ஊதிக்கொண்டே இடது கையால் தாளம் போடுகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டத்தில் குரங்கு விரட்டுகிறவன் மாதிரி இருக்கிறது. நீங்கள் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான். நீங்கள் இருந்தவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். அங்கே ஒரு கல்லூரியில் பேண்டு நடத்துகிறார். உங்கள் ‘கவுஞ்சிக் காலை’யை அவருடைய பிள்ளைகள் வாசிக்கப்போகிறார்கள். எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து நீங்கள் எழுதிய முழு ஸ்கோரின் நகலையும், அதைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நான் தனியாக எழுதிய பேப்பர்களையும் அனுப்பியிருந்தேன்.

“அம்மா, ஸ்கோர்ல ட்ரம்பெட்காரங்க இருபத்திரண்டு தாளக் கட்டம் சும்மா இருக்கணும்னு போட்டிருக்கு. நீங்க எழுதின பேப்பர்ல இருபதுன்னு இருக்கு. எது சரி? ஸ்கோர்ல இருக்கிறபடி திருத்திடட்டுமா?” என்று கேட்டார்.

“ஒரு வாரம் பொறுங்க டீச்சர்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

எப்படிப்பட்ட ஆள் நீங்கள்! ராணுவ பேண்டில் பதினேழு வருஷம் கிளாரினெட் ஊதிவிட்டு ஊருக்கு வந்தீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு வெயில் காய்வீர்கள் என்று நினைத்தோம். நீங்களோ டவுனில் கலைந்துபோன ஒரு பேண்டின் நசுங்கிய வாத்தியங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகையில் இறக்கினீர்கள். “ஏலே, கெழங்கு தோண்டுற விரலு வால்வை அமுக்காதா? வாங்கலே” என்று இருபது விவசாயிகளைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். இரண்டே வருஷத்தில் அவர்களுக்கென்று சொந்தமாகப் பாட்டெழுத ஆரம்பித்தீர்கள்.

அதையும் கொட்டகையைப் பார்த்துத்தான் எழுதினீர்கள். கூரை முழுக்கப் பூண்டு தொங்கினால் சத்தத்தைக் குடித்துவிடும், அந்த மாதங்களில் ட்ராம்போனும் பெரிய ட்ரம்மும் முழங்குகிற பாட்டு. பூண்டு விற்றுத் தீர்ந்தால் கொட்டகை கணகணவென்று எதிரொலிக்கும், அப்போது கிளாரினெட்டும் புல்லாங்குழலும் மட்டும். விளைச்சலைப் பார்த்து இசை எழுதிய மனுஷன் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா?

எழுத்தில் நீங்கள் பொல்லாதவர். ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலும் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவீர்கள். மேடையில் எதையாவது மாற்றினால் வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சிவப்புப் பென்சிலால் ஸ்கோரைத் திருத்திவிடுவீர்கள். அப்பேர்ப்பட்டவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பார்ட் எழுதும் வேலையை என் கையெழுத்தை நம்பிக் கொடுத்தீர்கள்.

‘கவுஞ்சிக் காலை’யை முதல்முதலில் கோடைக்கானல் ஏரிக்கரையில் வாசித்தோமே, அதற்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்கிறேன். ட்ரம்பெட் பேப்பர் மட்டும் பாக்கி. ட்ரம்பெட்காரர்கள் மூன்று பேரும் பூண்டு விற்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள், ஒத்திகைக்கே வரவில்லை. நானும் காலையிலிருந்து வியாபாரிக்குப் பூண்டுக் கொத்து எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. இருபத்திரண்டு கொத்து கொடுப்போம், சீட்டில் இருபது என்று எழுதுவோம். இரண்டு கொசுறு.

எண்ணுவதும் எழுதுவதுமாக இருந்தேன். உங்கள் ஸ்கோரில் இருபத்திரண்டு என்று பார்த்தேன். கை பழக்கத்தில் இருபது என்று எழுதிவிட்டது. அவ்வளவுதான் அண்ணே நடந்தது.

மறுநாள் மேடையில்தான் பேப்பரைக் கொடுத்தோம். கிளாரினெட்கள் மூடுபனி மாதிரி மெதுவாக ஊதிக்கொண்டிருந்தன. பனி முழுக்க விலகி அடங்கியபிறகு ட்ரம்பெட் வெயிலாக வரவேண்டும் என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். பனி விலக இன்னும் இரண்டு கட்டம் இருக்கும்போதே சின்னராசு எழுந்து நின்று ஊதிவிட்டான். கூட இருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். செத்தேன் என்று நினைத்தேன். நீங்கள் ஒரே ஒரு முறை ட்ரம்பெட் பக்கம் பார்த்தீர்கள். இறங்க வந்த உங்கள் கை அப்படியே நின்றது. கிளாரினெட்காரர்களுக்கு நிறுத்தாதே என்று இடது உள்ளங்கையால் காட்டினீர்கள். ட்ரம்பெட்டின் கடைசி சுரம் நீங்கள் கை இறக்கும்வரை நீளும், அதில் எல்லோரையும் அழகாகச் சேர்த்துக்கொண்டீர்கள். ஏரிக்கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

“தாயி, யாவாரிக்கு இருபதுக்கு எத்தனை கொத்து குடுக்கீங்க இப்ப?”

“இருவத்திரண்டுண்ணே.”

“ம்.”

அதற்குப்பிறகு ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பூண்டைப் பற்றித்தான் கேட்டீர்கள் என்று நான் நினைத்தேன். எவ்வளவு மண்டு நான்!

பிறகு அந்த இடம்தானே உங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது? “மூடுபனிக்குள்ளேயே வெயில் அடிக்கிற இடம்” என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். நம் ஊரில் வெயில் அப்படித்தானே வரும்? பனி முழுக்க விலகட்டும் என்று அது என்றைக்குக் காத்திருந்தது? அவர்கள் புகழப் புகழ எனக்கு உள்ளே கூசும். என் தப்புக்கு நீங்கள் மாலை வாங்குகிறீர்களே என்று ஒரு கூச்சம். சொன்னால் பார்ட் எழுதுகிற வேலையைப் பிடுங்கிவிடுவீர்களோ என்று ஒரு பயமும்.

டீச்சர் போன் செய்த மறுநாள் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய பாட்டுகளை வரிசையாகத் தரையில் விரித்தேன். எல்லாம் என் கையால் பார்ட் எழுதியவைதான். ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் ட்ரம்பெட், மற்றவர்கள் முடிக்க இரண்டு கட்டம் இருக்கும்போதே உள்ளே வருகிறது. வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்துப் பார்த்து எழுதியும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் ‘கவுஞ்சிக் காலை’யைத் திறந்தேன். முழுக்கச் சிவப்புப் பென்சில். ட்ரம் திருத்தம், யூபோனியம் திருத்தம். அந்த இருபத்திரண்டு மட்டும் தொடாமல் கிடக்கிறது.

ஏன் அண்ணே? அதைத் திருத்தியிருந்தால் அடுத்த தடவை ஸ்கோரை எடுக்கும்போது என் கண்ணில் பட்டிருக்கும். நான் எழுதியது தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தீர்கள். அதனால்தானே? அந்த ஒரு பாட்டை மட்டும் எந்த மேடையிலும் ஸ்கோர் திறக்காமல் நடத்தினீர்களே, அதுவும் அந்த எண் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதானா? பேண்டு மாஸ்டருக்கு மனப்பாடம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தோம். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சின்னராசுதான் ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“அப்ப அன்னைக்கு நான் தப்பா ஊதலையாக்கா?”

“பேப்பர்ல இருந்ததத்தான் ஊதுன. தப்பு என்னோடது.”

“இத்தனை வருசமா நாந்தான் எண்ணிக்கை தப்பி முந்திட்டேன்னு நெனச்சு, யாருட்டயும் மூச்சு விடாம கெடந்தேன். அதுக்கப்புறம் பேப்பர எண்ணிப் பாக்கவேயில்ல, மாஸ்டர் கையப் பாத்துத்தான் ஊதுனேன். மறுநா மாஸ்டர்ட்ட மட்டும் போயி மன்னிப்புக் கேட்டேன். ‘வெயிலு வந்தா வந்ததுதாம்லே, போயி சோலியப் பாரு’ன்னாரு.”

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வாராவாரம் பார்த்துக்கொண்டு, தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறோம். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் நீங்கள். கோபம்தான் எனக்கு. கோபத்திலும் உங்களை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.

“மதுரைக்கு என்னன்னு சொல்லப்போறீங்க?” என்று சின்னராசு கேட்டான். அங்கேயே டீச்சருக்கு போன் போட்டேன். இருபதுதான் சரி, ஸ்கோரைத் திருத்தி அனுப்புகிறேன் என்றேன். எப்படித் தப்பு வந்தது என்று கேட்டார். கொசுறுக் கதையை முழுசாகச் சொன்னேன். அவருடைய பிள்ளைகளுக்கும் சொல்லச் சொன்னேன்.

இதோ, உங்கள் சிவப்புப் பென்சில் என் கையில் இருக்கிறது. நீங்கள் தொடாமல் விட்ட இருபத்திரண்டை நானே அடித்து, மேலே இருபது என்று எழுதுகிறேன். இனி ‘கவுஞ்சிக் காலை’ எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் திருத்தத்தோடுதான் போகும். ஓரத்தில் யார் கையெழுத்து என்று கேட்டால் என்னுடையது என்று சொல்வேன், இது சத்தியம்.

நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காத
தங்கச்சி,
பொன்னுத்தாய்