ஊருணிக்கு எடை இல்லை

ஆலங்குடி
வைகாசி, 1961

அன்புள்ள அத்தான்,

முக்கியமானதற்கு எடை கூட்டிப் போடும் உங்கள் ஆராய்ச்சிக் கணக்கை வைத்துத்தான் அதிகாரிகள் இங்கே குளங்களை வரிசைப்படுத்தித் தூர்வாரினார்கள். பாசனப் பரப்புக்கே நீங்கள் அதிக எடை கொடுத்திருந்தீர்களாம். நம் ஊருணி குடிப்பதற்கு மட்டும்தானே, ஒரு குழி நிலத்துக்கும் பாயாது. அதற்குக் கடைசி இடம்.

சித்திரையிலேயே அது சேறாகிவிட்டது. ஊரெல்லாம் வாந்திபேதி. "இந்தத் தண்ணி நாறுதும்மா, வேற குடு" என்று நம் சாலா கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு தண்ணீர் இல்லை.

ஆராய்ச்சி முடிக்கும் நேரத்தில் உங்களுக்குத் தந்தி வேண்டாமென்று நான்தான் தடுத்தேன்.

இனிமேல் குடிப்பவர்களையும் கணக்கில் சேர்க்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சேருங்கள். நம் வீட்டுக்கு மட்டும் ஒன்றைக் குறைத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்